அம்பேத்கர் சொன்ன 'அராஜகத்தின் இலக்கணம்' யாருக்கு?

திண்ணைவாசி:
1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நேற்று மறுபடி படித்தேன். சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாவற்றையும் கைவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்கிறார். இன்று சாலையை மறிக்கிறவர்கள் அவர் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். படத்தைத் தூக்குகிற கை பேச்சைப் புரட்டுவதில்லை. ஓட்டும் நீதிமன்றமும் வந்தபிறகு பொறுமையும் குடிமகனின் கடமைதான்.

கருக்கல்:
நீங்களும் பாதிதான் புரட்டியிருக்கிறீர்கள் அண்ணே. அரசமைப்பு வழி இல்லாத காலத்தில் அந்த முறைகளுக்கு நிறைய நியாயம் இருந்தது என்றும் அதே பேச்சில் சொல்கிறார். வழி திறந்திருக்கும்போதுதான் கூடாது. சரி, திறந்திருக்கிறது என்று முடிவு செய்வது யார்?

மகாராஷ்டிரத்து ஊரான மகாடின் குளத்தையே எடுங்கள். பொதுநீர்நிலைகள் எல்லாருக்கும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு வருடம் மகாடு நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னது. காகிதத்தில் திறந்தாயிற்று, தாழ்த்தப்பட்டவர்கள் ஒரு வாய் தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய்க் குடித்தார். திரும்பியவர்களுக்கு அடி விழுந்தது. குளத்துக்குச் சாணம், கோமியம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். இது அராஜகமா?

திண்ணைவாசி:
அது வெள்ளைக்காரன் ஆட்சி, தம்பி. அவர் 1949இல் பேசியது வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்று எழுதிவைத்த பிறகு. ஒப்பிடவே கூடாது.

கருக்கல்:
ஓட்டு வந்த மறுநாளே டீக்கடையில் ஒரே குவளை வந்துவிட்டதா?

சும்மாவந்தவன்:
1953இல் மாநிலங்களவையில் 'இந்த அரசமைப்பை எரிக்கிற முதல் ஆள் நானாக இருப்பேன்' என்றவரும் இவர்தானே? இவரை வைத்துக்கொண்டா அடக்கம் பேசுகிறீர்கள்? 😀

பழையகட்டு:
அது சபையில் சூடாகச் சொன்னது. 1955இல் விளக்கமும் கொடுத்தார்: கோயில் கட்டினோம், சாமி குடியேறுவதற்குள் பேய் புகுந்துவிட்டது என்று. அதை விடுங்கள்.

நீங்கள் எல்லாரும் மகாடில் மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டீர்கள். டிசம்பரில் இரண்டாவது முறை குளத்தில் இறங்குவதற்காகக் கூட்டம் கூடியது. அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. தடையை மீறலாம் என்று கூட்டம் கொதித்தது. அம்பேத்கர் பேசிச் சமாதானப்படுத்தி, குளத்தில் இறங்காமல் நிறுத்தினார். வெறுங்கையோடும் திரும்பவில்லை, டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார்கள். தடை குளத்துக்குத்தானே இருந்தது! 1949 பேச்சுக்கு 22 வருடம் முன்பே அந்த மனிதர் எல்லைக்கோட்டை எங்கே போட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. அதே பேச்சில், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்கிறார். நம் ஊரில் அந்தப் பக்கம் வந்ததும் சட்டென்று தாள் புரண்டுவிடும். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற நேரமாகிவிடுகிறது.

திண்ணைவாசி:
டிசம்பர் கதை தெரியாமல்தான் எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி ஐயா. கையில் கூட்டம் இருந்தும் தடையை மதித்தார். வழக்கிலும் அவர் தரப்புதான் ஜெயித்தது.

கருக்கல்:
ஜெயித்தது, 1937இல். ஒரு குளத்துத் தண்ணீருக்குப் பத்து வருடம். அதிலும் எதிர்வாதியான அம்பேத்கரே லண்டனில் படித்த பாரிஸ்டர். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஒரு வக்கீல் கிடையாது அண்ணே. நாங்கள் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்.