பவர்பேங்க்கை ஏன் லக்கேஜ்ல போடக் கூடாது? கீழதானே தீயணைக்கற கேஸ் இருக்கு?

உறையூரான்_ஷார்ஜா:
வணக்கம் மக்களே. அடுத்த வாரம் ஷார்ஜாலேர்ந்து திருச்சி போறேன். கையில ரெண்டு ஐட்டம் இருக்கு. ஒண்ணு 30,000 எம்ஏஎச் பவர்பேங்க். இன்னொண்ணு என் மச்சான் கேட்ட பேட்டரி, நின்னுக்கிட்டே ஓட்டுவாங்களே, அந்தச் சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு. 36 வோல்ட், 10 ஏஎச்னு மேல போட்டிருக்கு. ரூம்ல இருக்கறவர், "கைலில சுத்தி செக்-இன் பெட்டில போட்டுடு, எவனும் பாக்க மாட்டான்"ங்கறார்.

பிடிபட்டா தூக்கிப் போடுவாங்க, அது தெரியும். எனக்குப் புரியாதது வேற. தீப்பிடிக்கற சாமான்னா ஆளுங்க இல்லாத கீழ் அறையில வெக்கறதுதானே நல்லது? அங்க தீயணைக்கற கேஸ் வேற இருக்காம். அதை விட்டுட்டு 180 பேர் உக்காந்திருக்கற இடத்துக்கு எடுத்துட்டு வாங்கறாங்க. இதுல என்ன கணக்கு?

சும்மா_ஒரு_ஆள்:
ஒரு கணக்கும் இல்லை பாஸ். பவர்பேங்க் ஆபத்து, லேப்டாப்புக்குள்ள இருக்கற அதே பேட்டரி ஆபத்தில்லையாம். ஏர்போர்ட்ல புடுங்கறதுக்கு ஒரு சாக்கு.

கார்கோ_நாரோயில்:
தம்பி உறையூரான், நல்ல கேள்வி. நான் துபாய்ல ஏர் கார்கோல டிஜி செக்கிங் பாக்குறவன், டிஜின்னா ஆபத்தான சரக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

கீழ இருக்கற கேஸ் ஹாலான். துணி, அட்டை, மரம் எரிஞ்சா அது பிரமாதமா அமுக்கிடும். தீச்சுடரை அணைக்கும், ஆனா எதையும் குளிர வைக்காது. லித்தியம் பேட்டரியில பிரச்சினையே சூடுதான். உள்ள ரெண்டு முனைக்கும் நடுவுல காகிதம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். அடி பட்டோ, தயாரிப்புக் கோளாறாலயோ, அதிகமா சார்ஜ் ஏறியோ அது கிழிஞ்சா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டுல இன்னும் ரசாயன மாற்றம் நடக்கும், அதுல இன்னும் சூடு ஏறும். ஒரு செல் போச்சுன்னா பக்கத்து செல்லையும் சுட்டு இழுத்துக்கும். போதாததுக்கு உள்ள இருக்கற ஆக்சைடிலேர்ந்தே ஆக்சிஜன் வெளிய வரும். ஹாலான் சுடரை அமுக்கினாலும் பேட்டரி பாட்டுக்கு ஒவ்வொரு செல்லா போயிட்டே இருக்கும், எரியக்கூடிய வாயுவைக் கக்கிட்டே இருக்கும். அமெரிக்க விமானத்துறையோட கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்ஏஏ செஞ்ச சோதனையில ஹாலான் இருக்கும்போதே அந்த வாயு தேங்கி வெடிச்சிருக்கு.

2017ல இன்னொரு சோதனை பத்தியும் எஃப்ஏஏ சொல்லிச்சு. பெட்டிக்குள்ள லேப்டாப், அது மேல ஒரு டிரை ஷாம்பூ ஸ்ப்ரே டின். பேட்டரியைச் சூடாக்கினதும் கொஞ்ச நேரத்துல டின் வெடிச்சுது. இப்ப ஊருக்குப் போற நம்மாளுங்க பெட்டியைத் திறந்து பாரு: பாடி ஸ்ப்ரே நாலு, சென்ட்டு, கோடாலித் தைலம், மேல பாலியஸ்டர் போர்வை. அதுக்கு நடுவுல கைலில சுத்தின பேட்டரி. உன் ரூம்மேட்டுக்கு இதைப் படிச்சுக் காட்டு.

நீ ஷார்ஜாலதானே இருக்கே, சிலிக்கான் ஓயாசிஸ் பக்கம் போயிருப்பே. அதுக்குப் பக்கத்துல, நாத் அல் ஷெபால, 2010 செப்டம்பர் 3 ராத்திரி ஒரு 747 விழுந்துச்சு. யுபிஎஸ் 6, சரக்கு விமானம். ஹாங்காங்லேர்ந்து வந்து, துபாய்லேர்ந்து ஜெர்மனி கொலோனுக்குக் கிளம்பினது. சரக்குல 81,000க்கும் மேல லித்தியம் பேட்டரி. கிளம்பி இருபது நிமிஷத்துல மெயின் டெக்ல, அதாவது சரக்கு ஏத்தற மேல் தளத்துல, தீ மணி அடிச்சுது. கிட்ட இருந்தது தோஹா, ஆனா துபாய்க்கே திருப்பினாங்க. சரக்கு விமானத்தோட மெயின் டெக்ல ஹாலான் கூடக் கிடையாது. காத்தழுத்தத்தை இறக்கிவிட்டு, ஆக்சிஜன் இல்லாம தீ தானா அடங்கட்டும்னு விடறதுதான் முறை. பேட்டரி அடங்குமா? கன்ட்ரோல் கேபிள் பழுதாச்சு, காக்பிட் முழுக்கப் புகை. கேப்டனுக்கு ஆக்சிஜன் நின்னுபோய் சீட்டை விட்டு எழுந்தவர் திரும்பலை. தனியா இருந்த கோ-பைலட்டுக்கு முன்னாடி இருக்கற மீட்டர் தெரியலை, ரேடியோ அலைவரிசை மாத்த முடியலை. பக்கத்துல பறந்த மத்த விமானங்கள்தான் அவர் பேசினதை துபாய்க்கு மாத்தி மாத்திச் சொன்னாங்க. ரன்வேக்கு மேல ரொம்ப உயரத்துல கடந்து போய் விழுந்துச்சு. மணி அடிச்சதுலேர்ந்து அரை மணிநேரம் கூட ஆகலை. ரெண்டு பேரும் போயிட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலைல ஆசியானா சரக்கு விமானம் ஒண்ணு ஜெஜு தீவுக்கிட்ட கடல்ல விழுந்துச்சு, அதுலயும் லித்தியம் பேட்டரி இருந்துச்சு, அதுலயும் ரெண்டு பேர்.

அதுக்கப்புறம்தான் சட்டம் இறுகிச்சு. 2016 ஏப்ரல் 1லேர்ந்து தனி லித்தியம் அயான் பேட்டரியை, அதாவது எந்தச் சாதனத்துக்குள்ளயும் இல்லாம தனியா இருக்கறதை, பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தவே கூடாது. சரக்கு விமானத்துல போனாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, ஏன்னா சார்ஜ் குறைஞ்சா வெளிய வர்ற சூடும் குறையும். இந்த மாதிரி தனி பேட்டரிக்கான யுஎன்3480ங்கற நம்பர், பேட்டரி எரியற படம் போட்ட ஒன்பதாம் வகுப்பு ஆபத்து லேபிள், ஆரஞ்சு கலர்ல 'சரக்கு விமானம் மட்டும்' லேபிள், எல்லாம் பாத்துதான் நாங்க கையெழுத்து போடுவோம். எனக்கு வயித்தைக் கலக்குறது லேபிள் ஒட்டின பெட்டி இல்லை. 'மொபைல் உதிரி பாகம்'னு பில்லு போட்டு, எந்த லேபிளும் இல்லாம வர்ற பெட்டிதான்.

இப்ப உன் கேள்விக்கு வா. மேல பேட்டரி புகைஞ்சா பத்து பேர் பாப்பாங்க, ஒருத்தர் கத்துவாங்க, கையில தண்ணி இருக்கு. கீழ புகைஞ்சா எட்டிப் பாக்கக்கூட வழி கிடையாது. கணக்கு அவ்வளவுதான்.

சும்மா_ஒரு_ஆள் சொன்னதுக்கு: லேப்டாப்பு பேட்டரி உறைக்குள்ள பத்திரமா பூட்டி இருக்கு, முனை வெளிய தெரியாது. முழுசா ஆஃப் பண்ணி, அடிபடாம, தானா ஆன் ஆகாம வெச்சா லக்கேஜ்ல கூட அனுமதி உண்டு. கையில வெச்சுக்கறதுதான் நல்லது. பவர்பேங்க்கைத் தனி பேட்டரியாத்தான் கணக்கு, அதான் பெட்டியில போடக் கூடாது.

முன்னாள்_கேபின்:
நான் சில வருஷம் கேபின் க்ரூவா இருந்தேன். அண்ணன் சொன்ன தண்ணி விஷயம் நிஜம். எங்க டிரெய்னிங்ல முதல்ல எக்ஸ்டிங்விஷர் அடிச்சு சுடரை அணைக்கச் சொல்வாங்க, உடனே தண்ணி. தண்ணி தீர்ந்தா ஜூஸ், டீ, கோக், ஆல்கஹால் இல்லாத எதுவும் சரி. ஐஸ் மட்டும் மேல கொட்டக் கூடாது, அது போர்வை மாதிரி மூடி சூட்டை உள்ளயே நிறுத்திடும்.

2016 செப்டம்பர்ல சிங்கப்பூர்லேர்ந்து சென்னை வந்த இண்டிகோவுல, தலைக்கு மேல பை வெக்கற மேல் கேபின்ல ஒரு சாம்சங் நோட் 2 போன் புகைஞ்சுது. க்ரூ எக்ஸ்டிங்விஷர் அடிச்சு, டாய்லெட்ல தண்ணி நிரப்பின டப்பால போட்டாங்க. பத்திரமா இறங்கிச்சு. ஆனா மேல் கேபின்லயும் புகை வெளிய வர நேரமாகும். 2025 ஜனவரி 28 பூசான்ல கிளம்பறதுக்கு முன்னாடி நின்ன ஏர் பூசான் விமானத்துல மேல் கேபின்ல பிடிச்ச தீ கூரையையே எரிச்சுடுச்சு. 176 பேரும் சறுக்குல இறங்கித் தப்பிச்சாங்க. மார்ச்லேர்ந்து கொரியாவுல பவர்பேங்க்கை மேல வெக்கக் கூடாது, உங்ககிட்டயே இருக்கணும்.

இன்னொண்ணு, எல்லாரும் செய்யறது: போன் சீட் இடுக்குல விழுந்தா சீட்டை முன்ன பின்ன ஆட்டாதீங்க. கீழ இருக்கற இரும்புல நசுங்கினா அங்கயே புகைய ஆரம்பிச்சுடும். எங்களைக் கூப்பிடுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்.

உறையூரான்_ஷார்ஜா:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ரூம்மேட்டுக்குப் படிச்சுக் காட்டிட்டேன், முறைச்சுட்டுப் போயிட்டார். அப்ப என் ரெண்டு ஐட்டத்துக்கும் என்ன முடிவு?

கார்கோ_நாரோயில்:
வாட் ஹவர்தான் பாக்கணும், அதாவது பேட்டரியில மொத்தம் எவ்வளவு சக்தி இருக்குங்கற அளவு. வோல்ட்டை ஏஎச்சால பெருக்கினா வரும். ஸ்கூட்டர் பேட்டரி 36 பெருக்கல் 10, 360. 160ஐத் தாண்டினா கையிலயும் கிடையாது, பெட்டியிலயும் கிடையாது. மச்சானை ஊர்லயே வாங்கிக்கச் சொல்லு.

பவர்பேங்க் எம்ஏஎச்சை 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகு, 111 வரும். யுஎஸ்பி 5 வோல்ட்டை வெச்சுக் கணக்குப் போடாதே, உள்ள இருக்கற செல்லுக்கு 3.7தான். 100 வரைக்கும் கேக்காமயே கையில கொண்டு போகலாம். 100லேர்ந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், அதிகபட்சம் ரெண்டு. இன்னிக்கே அவங்களுக்கு மெயில் போடு, பதிலை பிரின்ட் எடுத்து வெச்சுக்க. பறக்கும்போது அதுல சார்ஜ் போடலாமான்னும் அதுலயே கேட்டுடு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரி சில கம்பெனி தடை பண்ணிட்டாங்க.

உறையூரான்_ஷார்ஜா:
மெயில் போட்டுட்டேன்ணே. ஆனா பின்னாடி எழுத்து பாதி அழிஞ்சிருக்கு, 30,000ங்கறது கூட உத்துப் பாத்தாத்தான் தெரியுது.

கார்கோ_நாரோயில்:
அப்ப ஏர்லைன் பதில் இருந்தாலும் செக்யூரிட்டில வாங்கி வெச்சுக்குவாங்க, எழுத்து தெரியலைன்னா எவ்வளவுன்னு அவங்க எப்படி நம்புவாங்க? அதை ரூம்லயே விட்டுட்டு 20,000ல ஒண்ணு வாங்கிக்க, 74தான் வரும். வாங்கும்போது வாட் ஹவர் அச்சடிச்சிருக்கான்னு பாரு.

முன்னாள்_கேபின்:
ரூம்ல விடறதுன்னா அது உப்பியிருக்கான்னும் பாத்துக்கோங்க தம்பி. உப்பியிருந்தா ரூம்லயும் வேண்டாம்.