பத்தாவது படிக்கிற மகளுக்கு இன்ஸ்டாகிராமில் மாடலிங் வாய்ப்பு: என்ன செய்யறது?

பெரம்பூர்_அம்மா:
மகளுக்கு 15 வயசு. நகைக்கடை விளம்பரம்னு ஒரு பொண்ணு பேர்ல மெசேஜ். சாதாரண போட்டோ ரெண்டு கேட்டிருக்காங்க, அனுப்பிட்டா. அப்புறம் டெலிகிராமுக்கு வரச் சொல்லி, அளவு பார்க்கணும், உள்ளாடையோட போட்டோ அனுப்பு, அம்மாகிட்ட இப்ப சொல்லாதேன்னு. பயந்துபோய் என்கிட்ட வந்துட்டா. அவங்க அப்பா போனைப் பிடுங்கி எல்லாத்தையும் அழிக்கணும்ங்கிறார்.

கோடம்பாக்கம்_கேமரா:
அழிக்க விடாதீங்கக்கா. நான் தி.நகர் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுக்கிறவன். சின்னப் பிள்ளைன்னா நான் முதல்ல பேசுறது பெத்தவங்ககிட்டதான். ஷூட்டுக்கு அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்பாங்க. அளவு வேணும்னா இன்ச் டேப் வெச்சு எடுத்து எழுதி அனுப்பச் சொல்வேன், அவ்வளவுதான். நகைக்கு கழுத்து, காது, கை பார்த்தா போதும். உள்ளாடைப் படம் எதுக்கு? "அம்மாகிட்ட சொல்லாதே"ங்கிறவன் இந்தத் தொழில்காரனே இல்லை. பதிவுக் கட்டணம்னு பணம் கேட்டாலும் நம்பாதீங்க. விளம்பரத்துல நின்னா நமக்குத்தான் காசு வரணும்.

பொண்ணு தானா வந்து சொல்லியிருக்கா. இப்ப போனைப் பிடுங்கினா அடுத்த தடவை வாயே திறக்க மாட்டா. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை அழுத்திச் சொல்லுங்க. வீட்ல தெரிஞ்சா அடிப்பாங்கங்கிற பயத்தை வெச்சுத்தான் இவனுங்க பிள்ளைங்களை மிரட்டறாங்க.

அண்ணாநகர்_வக்கீல்:
டெலிகிராமில் அவன் நினைத்தால் உங்கள் பக்கத்து சாட்டையும் சேர்த்து அழித்துவிட முடியும். அதனால் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்: கணக்குப் பெயர், லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியணும். பிளாக் அதற்கப்புறம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம், தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் தரலாம். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. படம் போகவில்லை என்றாலும், பாலியல் நோக்கத்தோடு கேட்டதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பையன்களுக்கு இப்படி நடந்தாலும் இதே சட்டம்தான். வாக்குமூலம் வாங்க போலீஸ் வீட்டுக்கே வருவார்கள், சீருடை இல்லாமல். கூடியவரை பெண் எஸ்.ஐ. மகள் பெயர் வெளியே வராது.

பெரம்பூர்_அம்மா:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு. அவ கிளாஸ்ல இன்னொரு பொண்ணுக்கும் இதே கணக்கிலேர்ந்து வந்திருக்காம். அந்தப் பொண்ணு அனுப்பிட்டா போல, அழறாளாம்.

அண்ணாநகர்_வக்கீல்:
அவள் அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், திட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை யாருக்கும், ஆதாரம் காட்டக்கூட, ஃபார்வர்ட் செய்ய வேண்டாம், அதுவே வழக்காகும். போலீஸ் நேரில் பார்க்கட்டும். இப்படிப்பட்ட படங்களை இணையத்திலிருந்து நீக்க 'டேக் இட் டவுன்' என்று இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு மட்டும்தான் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் தேடி எடுத்துவிடும். அவன் மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். தந்தால் மறுபடி கேட்பான்.