ஒரே உயரம், வெவ்வேறு தொலைவு: எந்தப் பந்து அதிக நேரம் காற்றில் இருக்கும்?

கேள்வி – பதினோராம் வகுப்பு மாணவி

வணக்கம். எறிபொருளின் இயக்கம் பற்றிய பாடத்தில் ஒரு கணக்கு இரண்டு நாள்களாக என்னைக் குழப்புகிறது. சமதளத் திடலில் ஒரே இடத்திலிருந்து உதைக்கப்பட்ட மூன்று கால்பந்துகளின் பாதைகள் படத்தில் வரையப்பட்டிருக்கின்றன. மூன்றும் ஒரே பெரும உயரத்தைத் தொடுகின்றன. ஆனால் முதல் பந்து அருகிலும், இரண்டாவது சற்றுத் தள்ளியும், மூன்றாவது வெகு தொலைவிலும் விழுகின்றன. காற்றுத் தடையைப் புறக்கணித்தால் எந்தப் பந்து அதிக நேரம் பறக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நீண்ட பாதையைக் கடக்க வேண்டியிருப்பதால் மூன்றாவது பந்துதான் என்று எழுதினேன். மூன்றுக்கும் ஒரே நேரம் என்கிறது விடைக்குறிப்பு. சூத்திரத்தில் எண்களைப் போட்டால் அப்படித்தான் வருகிறது என்றாலும், அது எப்படி முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 1 – இயற்பியல் ஆசிரியர்

இந்த இடத்தில் தடுமாறாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பந்து எப்போது தரையைத் தொடும் என்பதை முடிவு செய்வது அதன் செங்குத்து இயக்கம் மட்டுமே. புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டும் இழுப்பதால், பந்து பக்கவாட்டில் எவ்வளவு விரைவாகச் சென்றாலும் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் அது பாதிப்பதில்லை. ஒரே உயரத்தை எட்டுகின்றன என்றாலே மூன்றின் திசைவேகத்துக்கும் செங்குத்துக் கூறு, அதாவது மேல்நோக்கிய பகுதி, ஒன்றுதான் என்று பொருள்.

எண்களோடு பார்ப்போம். பெரும உயரம் 4.9 மீட்டர் என்று கொண்டால், செங்குத்துக் கூறு நொடிக்கு 9.8 மீட்டராக இருக்க வேண்டும். ஏற ஒரு நொடி, இறங்க ஒரு நொடி, ஆக 2 நொடி. கிடைத்தளக் கூறுகள், அதாவது பக்கவாட்டு வேகங்கள், நொடிக்கு 5, 10, 15 மீட்டர் என்றால், பந்துகள் 10, 20, 30 மீட்டர் தொலைவில் விழும். தொடக்க வேகங்கள் முறையே ஏறத்தாழ 11, 14, 17.9 மீட்டர், எறிகோணங்கள் ஏறத்தாழ 63, 44, 33 பாகை. மூன்றாவது பந்தின் பாதை நீளமானது என்று நீங்கள் கண்டது சரியே. அந்த நீளத்தை ஈடுகட்டும் அளவுக்கு அது விரைவாகவும் செல்கிறது என்பதுதான் விடுபட்டுவிட்டது. உச்சியில் பந்தின் வேகம் சுழியாகிவிடும் என்று பலர் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். அங்கே சுழியாவது செங்குத்துக் கூறு மட்டுமே.

மறுமொழி 2 – பொறியியல் மாணவர்

ஆசிரியர் சொன்னதை மறுபக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை 30 பாகையிலும் இன்னொன்றை 60 பாகையிலும் உதைத்தால், இரண்டும் ஏறத்தாழ 35.3 மீட்டர் தொலைவில் ஒரே இடத்தில் விழும். ஆனால் முதலாவது 5.1 மீட்டர் உயர்ந்து 2.04 நொடியில் தரைக்கு வர, இரண்டாவது 15.3 மீட்டர் உயர்ந்து 3.53 நொடி காற்றில் இருக்கும். ஆகவே விழுந்த தொலைவை மட்டும் வைத்துப் பறக்கும் நேரத்தைச் சொல்ல முடியாது. உயரம் தெரிந்தால் வேறெதுவும் தேவையில்லை.

மறுமொழி 3 – கால்பந்துப் பயிற்றுநர்

மேலே உள்ள கணக்குகள் முற்றிலும் சரியானவை. ஆயினும் அவற்றைத் திடலில் அப்படியே எதிர்பார்க்கும் மாணவர்களுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கால்பந்தின் நிறை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும்போது காற்றின் எதிர்விசை ஏறத்தாழ 2 நியூட்டன், அதாவது பந்தின் எடையில் பாதியளவு இருக்கும். எனவே உண்மையான பாதை சமச்சீரான பரவளையமாக இருப்பதில்லை; ஏறியதைவிடச் செங்குத்தாக இறங்கி, கணக்கிட்ட இடத்துக்கு முன்னதாகவே பந்து விழுந்துவிடும். அத்துடன் காற்றுத் தடை மொத்த வேகத்தைப் பொறுத்தது என்பதால், கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் ஒன்றையொன்று பாதிக்காது என்ற அடிப்படையே தளர்கிறது. ஒரே செங்குத்துக் கூறோடு புறப்பட்டாலும் விரைவான பந்து சற்றுக் குறைவாகவே உயரும்.

சுழற்சியும் சேர்ந்தால் பாதை பக்கவாட்டிலும் வளையும். 1997 ஜூன் மாதம் லியோன் நகரில் பிரான்சுக்கு எதிராக ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக் இதற்கு மிகச் சிறந்த சான்று. தடுப்புச் சுவராக நின்ற வீரர்களுக்கு வெளிப்புறமாகச் சென்ற பந்து உள்ளே வளைந்து வந்து கோலுக்குள் புகுந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியரின் எண்களை வைத்து, உதைத்த 0.5 நொடியில் ஒவ்வொரு பந்தும் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டேன். மூன்றும் 3.675 மீட்டர் உயரத்தில், 2.5, 5, 7.5 மீட்டர் தள்ளி இருக்கின்றன. எந்த நொடியை எடுத்தாலும் மூன்றும் ஒரே மட்டத்தில்தான் நிற்கின்றன என்றால், தரையைத் தொடும் நொடியும் ஒன்றாகத்தானே இருக்க முடியும்!