சுவாமி மலையில் இருந்து மேலே எறிந்த கல்: வர்க்கமூலத்துக்குள் சய (−) வருகிறது

உப்புவெளி:
உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறேன். திருகோணமலையில் சுவாமி மலையின் பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் நின்றபோது தோன்றிய கணக்கு இது. உயரத்தை 50 மீற்றர் என்று எடுத்துக்கொண்டேன், அங்கிருந்து செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் ஒரு கல்லை நிலைக்குத்தாக மேலே எறிந்தால் எத்தனை செக்கனில் கடலில் விழும்? புவியீர்ப்பு ஆர்முடுகல் (வேகம் செக்கனுக்குச் செக்கன் மாறும் வீதம்) 10, வளித்தடை இல்லை. 50 = 15 × நேரம் − 5 × நேரம்² என்று போட்டுத் தீர்த்தால் வர்க்கமூலத்துக்குள் −31 நிற்கிறது. ரியூசனில் கேட்டால் சூத்திரத்தைப் பாடமாக்கச் சொல்கிறார்கள். எனக்குக் காரணம் தெரிய வேண்டும்.

கோணமலை அக்கா:
தங்கச்சி, மேல்நோக்கி நேர் என்று எடுத்துத்தானே 15ஐயும் −5ஐயும் எழுதினீர்? அப்போ கடல் இருப்பது −50இல். கல் எவ்வளவு தூரம் ஓடியது என்பதல்ல, எறிந்த இடத்தில் இருந்து கடைசியில் எங்கே இருக்கிறது என்பதுதான் இடப்பெயர்ச்சி. நேரம்² − 3 × நேரம் − 10 = 0 என்று வரும், விடை 5 செக்கன்.

நிலாவெளி:
அந்த −31ஐயும் தூக்கிப் போட வேண்டாம், அது உண்மையைத்தான் சொல்கிறது. நீர் கேட்டது கல் உமக்கு மேலே 50 மீற்றரை எப்போது தொடும் என்று. அது 11.25 மீற்றருக்கு மேல் போகவே போகாது, பிறகு எப்படி விடை வரும்? மற்றத் தீர்வான −2க்கும் பொருள் இருக்கிறது: 2 செக்கனுக்கு முன் கடல்மட்டத்தில் இருந்து 35 வேகத்தில் எறிந்த கல்லும் உமது கையைத் தாண்டும்போது சரியாக 15 வேகத்தில்தான் போகும். உம்முடைய கல்லும் கடலில் விழுவது அதே 35இல், அதாவது மணிக்கு 126 கிலோமீற்றர், அதனால் தயவுசெய்து அங்கே நின்று எறிந்து பார்க்க வேண்டாம், கீழே வள்ளங்கள் வரும்.

உப்புவெளி:
5 வந்துவிட்டது, மிக்க நன்றி! இன்னொன்று. உச்சியில் வேகம் பூச்சியம் என்றால் ஆர்முடுகலும் பூச்சியமா?

கோணமலை அக்கா:
இல்லை. இரண்டும் பூச்சியமானால் கல் அங்கேயே நின்றுவிடும். வேக–நேர வரைபைக் கீறிப் பாரும், 15இல் தொடங்கி −35 வரை ஒரே நேர்கோடு, 1.5 செக்கனில் அச்சை வெட்டும்போதும் சாய்வு, அதாவது ஆர்முடுகல், அதே −10தான். அப்புறம் அச்சுக்கு மேலே உள்ள முக்கோணத்தின் பரப்பு 11.25, கீழே உள்ளது 61.25. கழித்தால் உமது 50 மீற்றர்.