மூன்று வயதில் எழுத்துப் பயிற்சி: பெற்றோர் கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

பாலர் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 22 குழந்தைகள், எல்லோருக்கும் மூன்று வயது. இரண்டு மாதமாக, விளையாட்டு நேரத்தை வெட்டிவிட்டு, தினமும் முக்கால் மணி நேரம் எழுத்துப் பயிற்சி. இப்போது நான்கு பேர் வாசலிலேயே அழுகிறார்கள். ஒருத்தி பென்சிலைக் கண்டாலே கையை மறைத்துக்கொள்கிறாள்.

நிர்வாகத்திடம் இரண்டு முறை பேசிவிட்டேன். இந்த வயதில் மணிக்கட்டு இன்னும் முழுதாக எலும்பாகியிருக்காது என்றேன். விளையாட்டையும் உரிமை என்று சொல்லும் 1989 ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவை அச்செடுத்தும் கொடுத்தேன். "பெற்றோர்தான் கேட்கிறார்கள்" என்பதே பதில். சரி என்று பெற்றோரிடம் விசாரித்தால், பாதிப் பேருக்கு இதில் விருப்பமே இல்லை! பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். யாரையும் தனியாக மாட்டிவிடாமல் அவர்கள் கருத்தை அங்கே எப்படிக் கொண்டுபோவது?