கொச்சிக்காய் (மிளகாய்) குருத்து சுருளுது, மருந்து கேட்குதில்லை

பழுகாமத்தான்:
களுவாஞ்சிக்குடிப் பக்கம், 20க்கு 50 அடி பொலித்தீன் கூடாரம். பையில் நட்ட கொச்சிக்காய், நட்டு இரண்டு மாதம். கதவு மூலையில தொடங்கிக் குருத்து சுருண்டு பூவும் கொட்டுது. மஞ்சள் அட்டையில வெள்ளை ஈ ஒட்டியிருக்கு. இமிடாகுளோப்பிரிட் பூச்சிமருந்து இரண்டு தரம் அடிச்சும் நிற்கல்ல. அளவைக் கூட்டவா?

வாவிக்கரை:
கூட்ட வேணாம் தம்பி. இலை எந்தப் பக்கம் சுருளுதெண்டு முதல்ல பாருங்க. ஓரம் மேல மடிஞ்சு தோணி மாதிரி நிண்டு, அடிப்புறம் வெள்ளியா மினுங்கினா பனிப்பூச்சி (திரிப்ஸ்). ஓரம் கீழ மடிஞ்சு, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு, அடிப்புறம் செம்பு நிறமெண்டா மஞ்சள் சிற்றுண்ணி. வெள்ளைத் தாளைக் கீழ பிடிச்சுக் குருத்தைத் தட்டினா பனிப்பூச்சி ஓடுறது தெரியும். சிற்றுண்ணி 0.2 மில்லிமீற்றர்தான், 10 மடங்கு கைவில்லை இல்லாமப் பிடிபடாது. அது எட்டுக்கால் சாதி, இமிடாகுளோப்பிரிட் அதுக்கு வேலை செய்யாது. வெள்ளை ஈயின் காலைப் பிடிச்சுக்கொண்டு செடிக்குச் செடி போகும், அதால ஈயையும் விடேலாது.

பழுகாமத்தான்:
கீழதான் மடியுது, காம்பும் நீளம். கந்தகத் தூள் கையில இருக்கு. வேப்பெண்ணெயோட கலந்து அடிக்கலாமா?

மண்வெட்டி:
கலக்கவே கூடாது, இலை கருகிரும். ஒண்டு அடிச்சா மற்றதுக்கு இரண்டு கிழமை இடைவெளி வேணும். கந்தகம் தனியாகவே 32 பாகைக்கு மேல இலையைச் சுடும். கச்சான் (வெக்கைக் காத்து) காலத்துப் பகல்ல கூடாரத்துக்குள்ள அதைவிடக் கூடத்தான் இருக்கும், இப்போதைக்கு அதை ஒதுக்கி வைங்க.
சுருண்ட குருத்தைக் கிள்ளி, அந்த இடத்திலேயே பைக்குள்ள போட்டுக் கட்டுங்க. அள்ளிக்கொண்டு கூடாரம் முழுக்க நடந்தா நீங்களே பரப்புறீங்க. பிறகு அபமெக்டின் எண்ட சிற்றுண்ணி மருந்து, லேபல்ல உள்ள அளவு, பொழுது சாயிற நேரம். நொசிலை மேல் நோக்கித் திருப்பிக் குருத்தின் அடிப்புறம் நனையணும். முட்டை தப்பும் எண்டபடியால் 5–7 நாளில் திரும்ப அடிக்கணும், அதுக்கு வேற கூட்டத்துச் சிற்றுண்ணி மருந்து. காய் பறிக்கக் காத்திருக்கிற நாளும் லேபல்ல இருக்கு.
வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் லீற்றருக்கு 5 மில்லி, திரவச் சவர்க்காரம் 1 மில்லி. 16 லீற்றர் டாங்கிக்கு 80 மில்லி எண்ணெய். எண்ணெயையும் சவர்க்காரத்தையும் முதல்ல அடிச்சுக் கலந்துபோட்டுத் தண்ணி விடுங்க, இல்லாட்டி எண்ணெய் மேல மிதந்து கடைசித் தெளிப்புல இலையைச் சுடும்.

வாவிக்கரை:
கதவு மூலையில தொடங்கினதெண்டா கதவைப் பாருங்க. ஒற்றைக் கதவு காணாது, ஒரு மீற்றர் இடைவெளியில இரட்டைக் கதவு வேணும். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை வெள்ளை ஈயைத் தடுக்கும். பனிப்பூச்சிக்கு 50க்கு மேல வேணும், ஆனா காத்து குறையும், அப்ப பக்க வலையின் பரப்பைக் கூட்டணும். சுத்திவர 3 மீற்றர் புல் பூண்டு இருக்கப்படாது. நோய் மூலைக்குக் கடைசியாப் போங்க.
மருந்து பிடிச்சதா எண்டு பழைய இலையில பார்க்காதீங்க, அது நிமிராது. புதுசா விரியிற இலை சரியா வந்தா சிற்றுண்ணி போயிற்று. புது இலையும் மேல சுருண்டு, நரம்பு மஞ்சளாகி, செடி குட்டையா நிண்டா வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. அந்தச் செடியை வேரோட பிடுங்கிருங்க.