புது சர்வரைப் பார்க்கிறோம் என்று நினைத்து எதைப் பார்த்தோம்?

சைட்டை வேறு சர்வருக்கு மாற்றும்போது, டொமைனைத் திருப்புவதற்கு முன்னால் புது சர்வரில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட கதை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜவுளிக்கடையின் வேர்ட்பிரஸ் சைட், வூகாமர்ஸோடு (ஆன்லைனில் விற்க உதவும் பிளகின்). ஃபைல்களும் டேட்டாபேஸும் புது சர்வருக்குப் போய்விட்டன. ஐபி எண்ணுக்குப் பின்னால் அலைக்குறியும் யூசர் பெயரும் போட்டுத் திறக்கும் தற்காலிக முகவரியில் பார்த்தேன். பாதி டிசைன் இல்லை, எந்த லிங்க்கைத் தொட்டாலும் லைவ் சைட்டுக்கே ஓடியது. வேர்ட்பிரஸ் தன் முழு முகவரியையும் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும், அதனால் வேறு முகவரியில் திறந்தால் இப்படித்தான். சரி, டேட்டாபேஸில் முகவரியை ஐபிக்கு மாற்றிவிடலாமா என்றால், அப்புறம் திருப்பி மாற்றும்போது பக்கத்துக்குப் பக்கம் அந்த ஐபி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டை முன்னொரு சைட்டில் பட்டாகிவிட்டது.

அதனால் ஹோஸ்ட்ஸ் ஃபைல். டொமைனுக்கு எந்த ஐபி என்று டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் இதைத்தான் பார்க்கும், ஐபியும் டொமைனும் ஒரே வரியில் எழுதினால் போதும். விண்டோஸில் நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேவ் ஆகாது (அல்லது டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு சேவ் ஆகி நம்மை அரைமணி நேரம் முட்டாளாக்கும்). எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத பெயரை மட்டும் எழுதினேன். சைட்டோ டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருக்கிற முகவரிக்கு ரீடைரக்ட் ஆகும். புது சர்வரே என்னைக் கையைப் பிடித்துப் பழைய சர்வரில் கொண்டுபோய் விட்டிருக்கிறது, நானும் இரவு 11 மணிக்கு அட்மினில் நுழைந்து, சோதனைதானே என்று பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கடைக்காரர் போன்: "தம்பி, சேலைக்குப் பக்கத்துல வாங்குற பட்டனைக் காணோமே?"

—

அண்ணே, இதற்காகவே நான் புது சர்வரில் மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டு வைப்பேன், அது திறந்தால்தான் மற்ற வேலை. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து ஒரு ரிக்வெஸ்ட்டைத் தொட்டாலும் எந்த ஐபியிலிருந்து வருகிறது என்று காட்டும்.

நான் மாட்டியது சான்றிதழில். புது சர்வரில் எஸ்எஸ்எல் இல்லை, பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டியது. "பரவாயில்லை, போ" என்று சொல்லவும் பட்டன் இல்லை, ஏனென்றால் பழைய சைட்டில் எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டும்தான் திறக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லி வைப்பது) போட்டிருந்தார்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் புதிதாக எடுக்கலாமென்றால் அது வந்து சரிபார்ப்பது டொமைன் இப்போது காட்டும் பழைய சர்வரில், என் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? கடைசியில் டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்ட் சேர்த்துச் சரிபார்த்து வாங்கினேன். பழைய சர்வரின் சான்றிதழையும் பிரைவேட் கீயையும் எடுத்துவந்து வைத்தாலும் வேலை நடக்கும்.

—

நான் பார்த்தது எல்லாம் சரியாகப் பார்த்தேன், மாட்டியது அதற்கப்புறம். டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது) முந்தின நாளே 86400-லிருந்து 300 ஆக்கி, டொமைனின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றி, பிரவுசரில் திறந்தால் அருமையாக வருகிறது. கிளையன்ட்டுக்கு "முடிந்தது சார்" என்று மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் சைட் திறக்கவே இல்லை என்கிறார் அவர். எனக்கு வருகிறதே, கேஷைக் கிளியர் பண்ணுங்கள், நெட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று அவரை முக்கால் மணி நேரம் ஆட்டி வைத்தேன். பாவம், எல்லாம் செய்தார்.

ஏ ரெக்கார்டில் ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சரியான ஐபி அப்படியே இருந்ததால் உலகத்திலேயே என் ஒருவனுக்கு மட்டும் சைட் வேலை செய்திருக்கிறது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போனில் திறந்த பிறகுதான் தெரிந்தது. அவரிடம் இன்னும் "டிஎன்எஸ் பரவ நேரமாகிவிட்டது சார்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.